டூர் பஸ்ஸில் மைசூர், மழையோடு

காலை ஆறு மணிக்கு லாட்ஜ் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்ததுமே "போச்சு" என்றேன். பின்னாலிருந்து அப்பா, "பெய்யட்டும்மா, நல்லாப் பெய்யட்டும்" என்றார். அப்பா கும்பகோணம் பக்கத்து விவசாயி. ஜூலை மாதத்தில், அதுவும் காவிரி வருகிற திசையில் பெய்யும் மழையைப் பற்றி அவர் எதிரில் குறை சொல்ல முடியாது.

நாங்கள் நாலு பேர். நான், என் கணவர், ஐந்தாவது படிக்கும் பையன், அப்பா. வீடு ஸ்ரீரங்கத்தில். மயிலாடுதுறைப் பக்கமிருந்து மைசூர் போகும் ராத்திரி ரயிலில் அப்பா கும்பகோணத்தில் ஏற, நாங்கள் திருச்சியில் சேர்ந்துகொண்டோம். சனிக்கிழமை மிருகக்காட்சி சாலையோடு போயிற்று. ஞாயிற்றுக்கிழமை முழுக்க டூர் பஸ். லாட்ஜ் மேனேஜர் மூலமாகத்தான் பதிவு செய்தோம். காலை எட்டரைக்குக் கிளம்பினால் ராத்திரி ஒன்பதுக்குள் திரும்பிவிடலாம். அரண்மனை, சாமுண்டி மலை, ஸ்ரீரங்கப்பட்டணம், சர்ச், கடைசியில் பிருந்தாவனம் என்று பட்டியல் சொன்னார். நுழைவுச் சீட்டும் சாப்பாடும் நம் செலவு.

முதலில் மைசூர் மழையைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூலையில் மைசூர் என்றால் கொட்டித் தீர்க்கும் என்று பயந்துதான் போனேன். அப்படியில்லை. கொட்டுவதெல்லாம் மேற்கே குடகு மலையில். மைசூருக்கு அதன் மிச்சம்தான் வருகிறது, குற்றாலச் சாரல் மாதிரி காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் அடிக்கும். பத்து நிமிஷம் விடும், மறுபடி பிடிக்கும். இந்த மாதிரி மழைக்குக் குடை ஆகாது. நாங்கள் மூன்று குடை எடுத்துப் போனோம், மத்தியானத்துக்குள் இரண்டு கம்பி மடங்கிவிட்டது. மெல்லிய பிளாஸ்டிக் மழைக்கோட்டு ஆளுக்கொன்று வாங்கியிருந்தால் போதும். அதை நாங்கள் வாங்கியது சாமுண்டி மலை அடிவாரத்தில், கடைக்காரர் சொன்ன விலைக்கு. மழையில் நிற்பவனிடம் பேரம் பேச என்ன பலம் இருக்கிறது?

பஸ்ஸில் எங்களுக்குக் கிடைத்தது நடுவில் இரண்டு வரிசை. ஏசி பஸ் என்று கூடக் கொஞ்சம் காசு கொடுத்திருந்தேன். மழை நாளில் அது பெரிய தப்பு. முப்பது பேர் ஈரத்தோடு ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. ஊர் பார்க்க வந்தவர்கள் பால் வெள்ளையாக ஒரு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு போனோம். அப்பாதான் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்தார். அப்புறம் அந்தத் துண்டு பஸ் முழுக்கக் கைமாறிப் போய் வந்தது. முன் வரிசைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, டிரைவர் கண்ணாடியை வைப்பர் துடைத்துக்கொண்டே இருக்கிறது. பதிவு செய்யும்போதே முன் சீட் கேளுங்கள். சாதாரண ஜன்னல் பஸ் என்றால் ஜன்னலோர சீட் நனையும், அதை ஒரு பாலிதீன் விரித்துச் சமாளித்துவிடலாம்.

கைடு அறுபதைத் தொட்ட மனிதர். எல்லாவற்றையும் கன்னடத்தில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை சொல்லிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி, "தமிழா? சரி, கேளுங்க" என்று சுருக்கமாக ஒரு தடவை சொல்வார். அவர் எல்லோரையும் "பன்னி, பன்னி" என்று கூப்பிட்டதில் பையனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கன்னடத்தில் 'வாங்க' என்று அர்த்தம் என்று சொன்ன பிறகும் நாள் முழுக்க எங்களை அப்படியேதான் கூப்பிட்டான்.

அரண்மனை முதல் நிறுத்தம். அங்கே செருப்பை வெளியே விட வேண்டும். வெயில் நாளில் இது ஒரு விஷயமே இல்லை. மழையில், ஈர முற்றத்தைத் தாண்டி வெறுங்காலோடு போய், ஆயிரம் பேருடைய ஈரக் காலடி பட்ட வழவழப்பான தரையில் ஏறி இறங்க வேண்டும். பையன் ஷூவும் சாக்ஸும் போட்டு வந்திருந்தான். சாக்ஸோடே உள்ளே போனான். வெளியே வந்தபோது அது பிழிந்தால் சொட்டும் நிலையில் இருந்தது. அதே ஈர சாக்ஸில் ஷூவை மாட்டிக்கொண்டு சாயங்காலம் வரை நடந்தவனுக்கு ராத்திரி குதிகாலில் கொப்புளம். ரப்பர் செருப்புதான் அந்த ஊருக்கு. ஷூ போட்டே தீருவேன் என்பவர்கள் பையில் இரண்டு ஜோடி சாக்ஸ் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களை அந்தத் தரையில் கையைப் பிடித்துத்தான் கூட்டிப் போக வேண்டும். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயல் வரப்பில் நடப்பதுபோல் கட்டைவிரலை ஊன்றி நடந்தார். எங்களில் வழுக்காதவர் அவர் ஒருவர்தான்.

இப்போது நாம் பார்க்கும் அரண்மனை 1912ல் கட்டி முடித்தது. அதற்கு முன் இருந்தது மர அரண்மனை. 1897ல் ராஜ குடும்பத்துக் கல்யாணத்தின்போது தீப்பிடித்து எரிந்துபோனது. அதனால்தான் புதியதில் கல்லையும் வார்ப்பிரும்பையும் அள்ளிப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். நம் எழும்பூர் ரயில் நிலையத்தை வரைந்த அதே ஆள். கைடு இதைச் சொன்னதும் என் கணவர், "அதான் எங்கயோ பாத்த மாதிரி இருக்கு" என்றார். அவருக்கு எல்லாமே எங்கேயோ பார்த்த மாதிரிதான் இருக்கும்.

கல்யாண மண்டபத்தின் எண்கோணக் கூரை முழுக்க மயில் வரைந்த வண்ணக் கண்ணாடி. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வந்தது, தாங்கும் இரும்புத் தூண்களும் அங்கிருந்துதான். போட்டோக்களில் அது ஜொலிப்பதைப் பார்த்து மயங்கியிருக்கிறேன். அன்றைக்கு மேலே வெளிச்சமே இல்லை. மயில்கள் எல்லாம் ஈயம் பூசினது போல் மங்கலாக இருந்தன. அந்தக் கூரைக்கு வெயில் வேண்டும். உங்களுக்கு இரண்டு நாள் இருந்தால், அரண்மனையை வெயில் அடிக்கிற நாளுக்கு ஒதுக்கிவிட்டு மழை நாளில் வேறு எதையாவது பாருங்கள். டூர் பஸ்ஸில் அந்தச் சுதந்திரம் கிடையாது என்பதும் உண்மைதான்.

சாமுண்டி மலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஏனென்றால் எதுவும் தெரியவில்லை. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். மேலிருந்து மைசூர் முழுக்கத் தெரியும் என்று கைடு கையை நீட்டிக் காட்டிய திசையில் வெள்ளைப் பஞ்சு மூட்டைதான் இருந்தது. மகிஷாசுரன் சிலை மட்டும் மேகத்துக்குள்ளிருந்து கத்தியும் பாம்புமாகத் திடீரென்று வெளிப்பட்டுப் பையனை ஒரு நொடி நிஜமாகவே பயமுறுத்தியது. கோயிலில் நல்ல கூட்டம். கன்னடக்காரர்களுக்கு அது ஆஷாட மாதம், சாமுண்டிக்கு விசேஷம். வெள்ளிக்கிழமைகளில் இன்னும் மோசம், தனியார் வண்டிகளை மேலே விடாமல் அடிவாரத்திலிருந்து அரசு பஸ்ஸில்தான் ஏற்றுகிறார்கள் என்றார் கைடு. ஜூலையை ஒட்டிப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். இறங்கும் வழியில் ஒரே பாறையில் செதுக்கிய 17ஆம் நூற்றாண்டு நந்தியை பஸ்ஸிலிருந்தே காட்டிவிட்டு விட்டுவிடுவோமா என்று கைடு கேட்டார். பாதிப் பேர் ஆமாம் என்றார்கள். அப்பா மட்டும் எழுந்து, "அஞ்சு நிமிஷம்" என்றார். இறங்கிப் போய்ப் பார்த்தோம். எண்ணெய் பூசிப் பூசிக் கறுத்த அந்த உடம்பில் மழைத் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு இறங்கியது. அந்த நந்தியை வெயிலில் பார்த்தவர்களைவிட நாங்கள் நன்றாகப் பார்த்தோம் என்று எனக்கொரு எண்ணம்.

சாப்பாட்டுக்கு முன் ஒரு கடை. எல்லா டூர் பஸ்ஸிலும் இது உண்டு. பட்டு, சந்தனம், ஊதுபத்தி, மரத்தில் யானை. மற்ற நாளில் பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடலாம். மழை நாளில் அதுதான் காய்ந்த தரை உள்ள ஒரே இடம், அதனால் எல்லோரும் உள்ளேயே சுற்றினோம், சுற்றச் சுற்ற ஏதாவது வாங்கினோம். நான் ஒரு சந்தன எண்ணெய் வாங்கினேன். அது சந்தனம்தானா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். பட்டுப்புடவை ஆசை இருந்தால் டூர் முடிந்த பிறகு அரசு நிறுவனத்தின் சொந்த ஷோரூமுக்கு நிதானமாகப் போங்கள். இந்தக் கடையில் செய்ய வேண்டிய முக்கியமான காரியம் கழிவறைக்குப் போய் வருவது. அதற்கடுத்து சுத்தமானது ஒன்று கிடைக்க எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று, மழை நாளில் அந்தத் தேவையும் கொஞ்சம் அதிகம்.

மத்தியானத்துக்கு மேல் ஸ்ரீரங்கப்பட்டணம். காவிரி இரண்டாகப் பிரிந்து நடுவில் விட்டுப்போன தீவு. பாலத்தின் மேல் பஸ் ஏறியதும் அப்பா இருக்கையை விட்டு எழுந்துவிட்டார். செம்மண் நிறத்தில், பாறை ஒன்றுகூட வெளியே தெரியாமல் ஆறு போய்க்கொண்டிருந்தது. அப்பா கண்ணாடியைத் துடைக்கக்கூட மறந்து, நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோட்டை உடைந்த இடத்தைக் காட்டும்போது கைடு சொன்ன கதை எனக்குப் புதிது. 1799 மே 4ஆம் தேதி மத்தியானம் ஆங்கிலேயப் படை ஆற்றுக்குள் இறங்கி நடந்து வந்து கோட்டைக்குள் ஏறியது. கோடைக் காவிரி, பாறைகளுக்கு நடுவே ஆழமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மழைக்காலம் வரை தாக்குப்பிடித்துவிட்டால் ஆறே அகழியாக நிற்கும், முற்றுகை போட்டவர்கள் கிளம்பித்தான் ஆக வேண்டும். திப்புவின் கணக்கு அதுதான். அது பலிக்கவில்லை, அன்றைக்கே அவர் கோட்டை வாசலருகே சண்டையில் இறந்துபோனார். கைடு முடித்ததும் அப்பா, "ஆத்துல தண்ணி வர்றதுக்குள்ள முடிச்சிட்டான்" என்றார். பிறகு ஆற்றைப் பார்த்து, "இந்தத் தண்ணில எவன் இறங்குவான்?" என்றார். மே மாதத்தில், வெயிலில் வந்து இதே கதையைக் கேட்டிருந்தால் எனக்கு ஒரு தேதி மட்டும் மனப்பாடம் ஆகியிருக்கும். கலங்கல் தண்ணீர் கல்லில் மோதும் சத்தத்தோடு கேட்டதால்தான் அது புரிந்தது.

ரங்கநாதர் கோயிலில் அப்பாவுக்கு ஒரு திருப்தி. காவிரியில் மூன்று அரங்கம் என்பார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், சிவசமுத்திரம் மத்தியரங்கம், எங்கள் ஊர் அந்தியரங்கம். "கடைசி அரங்கத்துல வீட்ட வச்சுக்கிட்டு மொத அரங்கத்துக்கு இப்பதான் வர்றோம்" என்றார். கல் தளத்தில் இங்கேயும் ஈரம், இங்கேயும் கையைப் பிடித்துத்தான் நடந்தோம்.

அங்கிருந்து தரியா தௌலத் பாக். 1784ல் கட்டிய திப்புவின் கோடை மாளிகை, பெரும்பகுதி தேக்கு. பஸ்ஸிலிருந்து இறங்கித் தோட்டத்தைத் தாண்டி ஓடிப்போய்த் தாழ்வாரத்தில் ஏறியதும் மழை வலுத்துவிட்டது. கைடு கொடுத்த நேரம் இருபத்தைந்து நிமிஷம். மழை நிறுத்தி வைத்தது முக்கால் மணி. அந்த முக்கால் மணியும் நாங்கள் நின்றது மேற்குச் சுவர் ஓவியத்துக்கு முன்னால். வெளிச்சம் படாமலிருக்கப் பச்சைத் திரை போட்டு மூடி வைத்திருக்கிறார்கள், மழை இருட்டு வேறு. முதலில் ஒன்றுமே தெரியவில்லை. கண் பழகப் பழக யானை வந்தது, குதிரை வந்தது, சதுரமாக அணிவகுத்து நிற்கும் சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் வந்தார்கள், நடுவில் வெடித்துச் சிதறும் வெடிமருந்து வண்டி, பல்லக்கில் காயம்பட்டுக் கிடக்கும் ஆங்கிலேயத் தளபதி பெய்லி. 1780ல் ஹைதரும் திப்புவும் ஜெயித்த பொள்ளிலூர் சண்டை. "எங்கே இருக்கு அந்த ஊர்?" என்று கைடைக் கேட்டேன். "உங்க ஊர்தாம்மா, காஞ்சிபுரம் பக்கம்" என்றார். புள்ளலூர்! பெயரைத்தான் வாய்க்கு வாய் மாற்றியிருக்கிறார்கள். காஞ்சிபுரத்துக்குப் பத்துத் தடவை போயிருப்பேன், புடவைக் கடையைத் தாண்டி எங்கும் போனதில்லை.

மற்ற டூர்க்காரர்கள் பத்து நிமிஷத்தில் கடந்து போகிற சுவர் அது. வெயில் அடித்திருந்தால் நாங்களும் அப்படித்தான் போயிருப்போம். மழை வந்தால் நனையாமல் நிற்கக்கூடிய நல்ல இடங்கள் எவை என்று முன்கூட்டியே கைடிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே மாட்டிக்கொள்வது நல்லது.

இங்கேதான் இன்னொரு கூத்தும் நடந்தது. மழை விட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடினோம். பத்துப் பன்னிரண்டு வெள்ளை பஸ்கள், எல்லாம் ஒரே மாதிரி. நானும் அப்பாவும் ஏறி உட்கார்ந்துவிட்டோம், கணவரையும் பையனையும் காணோம். போன் அடித்தால் பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றி வைத்திருக்கிறார், எடுக்கவில்லை. கைடு என்னை முறைக்கிறார், பின்சீட்டில் யாரோ முணுமுணுக்கிறார்கள். கடைசியில் நாலு வண்டி தள்ளி நின்ற ஒரு பஸ்ஸில், எங்கள் சீட் எண்ணிலேயே இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஆந்திரத்துப் பாட்டி பையனுக்கு முறுக்கு வேறு கொடுத்திருக்கிறார். இறங்குவதற்கு முன் வண்டியின் நம்பர் பிளேட்டை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், கைடின் போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். நான் இரண்டையும் காலையிலேயே செய்திருந்தேன். ஆனால் என் போனில் மட்டும்.

அந்தத் தாமதத்தில் சர்ச் போச்சு. செயின்ட் ஃபிலோமினா, 175 அடி உயர இரட்டைக் கோபுரம். மழை மேகத்துக்கு எதிரே பஸ்ஸிலிருந்தே பார்த்தோம், அவ்வளவுதான். மழை நாளில் பட்டியலில் ஏதாவது ஒன்று இப்படி விழும். எது விழுந்தால் பரவாயில்லை, எது விழக்கூடாது என்று காலையிலேயே கைடிடம் சொல்லி வைத்தால் அவர் அதற்கேற்ப ஓட்டுவார். அப்பா சொல்லி வைத்திருந்தார். அவருக்குக் கண்ணம்பாடி மட்டும் விழக்கூடாது.

எல்லோரும் பிருந்தாவனம் என்று சொல்லும் இடத்தை அப்பா கடைசி வரை கண்ணம்பாடி என்றுதான் சொன்னார். கிருஷ்ணராஜ சாகர் அணைக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய ஆட்கள் வாயில் அதுதான் பெயர். வண்டி நிற்கும் இடத்திலிருந்து தோட்டத்துக்கு நல்ல நடை. அணையின் மேலே போக விடுவதில்லை, கீழே தோட்டத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். பையனுக்கு இசை நீரூற்று. ஈரப் படிக்கட்டில் பாலிதீன் விரித்துக் கணவரோடு உட்கார்ந்துவிட்டான். மேலிருந்து மழை, கீழிருந்து நீரூற்று, நடுவில் சினிமாப் பாட்டு. ஜனங்கள் அப்படியே நனைந்துகொண்டு கைதட்டினார்கள்.

அப்பா நீரூற்றுப் பக்கம் திரும்பவில்லை. அணைப் பக்கமாக நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தார். மதகில் தண்ணீர் விட்டிருந்தார்கள். இருட்டில் சரியாகத் தெரியவில்லை, வெள்ளையாக ஒரு நுரைக் கோடும் இடைவிடாத ஒரு இரைச்சலும். அங்கே நின்ற காவலாளியிடம், ஒரு கன்னட வார்த்தைகூடத் தெரியாமல், "எத்தனை அடி?" என்று கேட்டார். அந்த ஆள் மாண்டியா பக்கத்துக்காரர், அவருக்கும் வயல் உண்டாம். விரலை விரித்து நூற்றி இருபத்திரண்டு என்றார். முழுக் கொள்ளளவு 124.80 அடி என்பதை அப்பா பையனுக்கு ரயிலிலேயே சொல்லித் தந்திருந்தார், மேட்டூர் 120 அடி என்பதையும் சேர்த்து. இந்த அணை நிரம்பினால்தான் மேட்டூருக்குப் பேச்சே இல்லாமல் தண்ணீர் வரும். இரண்டு மாநிலமும் சண்டை போட்டுக்கொள்கிற அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் இந்த இரண்டு பேரும் கொஞ்ச நேரம் விரலாலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். காவலாளி வானத்தைக் காட்டினார், அப்பா தலையாட்டினார்.

திரும்பும் வழியில் எனக்கு ஒரு முட்டாள்தனம் உறைத்தது. மைசூர் அரண்மனைக்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறைகளிலும் சாயங்காலம் ஏழு மணி முதல் முக்கால் மணி நேரம் விளக்கேற்றுவார்கள், ஒரு லட்சத்துக்கு நெருக்கமாக பல்ப். நாங்கள் ஊரில் இருந்த ஒரே ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு பிருந்தாவனத்தில் நின்றோம். சனிக்கிழமை டூர் பஸ்ஸும் ஞாயிற்றுக்கிழமை மிருகக்காட்சி சாலையும் என்று மாற்றிப் போட்டிருந்தால் இரண்டும் கிடைத்திருக்கும். ஒன்பது மணிக்கு பஸ் அரண்மனையைக் கடந்தபோது அது சும்மா இருட்டாக நின்றது. பையன் அழுதான். கொஞ்சம் கொப்புளத்துக்கு, கொஞ்சம் விளக்குக்கு.

அப்பாவுக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. ஈரத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, வண்டிச் சத்தத்தை மீறி ஊரில் யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார். "கண்ணம்பாடி நூத்தி இருபத்திரண்டுடா! மதகுல விட்டிருக்கான், நானே பாத்தேன். மூணு நாலு நாள்ல மேட்டூர்ல தெரியும், பெருக்குக்குத் தண்ணி வந்துரும். சம்பா விதைய எடுத்து வெயில்ல போடு… என்னது? அங்க வெயில் கொளுத்துதா? அப்ப நாளைக்கே போடு."

முன் சீட்டிலிருந்த கைடு திரும்பிப் பார்த்தார். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, அதை யாருக்கும் மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டார்.